வீட்டுப் பழுதுவேலைக்கு உரிமமும் காப்பீடும்: வாசகர் கேள்வி பதில்

குழாய், பூட்டு, மின்விசிறி, பெயின்ட் என்று வீடுகளின் சில்லறைப் பழுதுகளைப் பார்த்துப் பிழைக்கும் வாசகர்கள் பலர் உரிமம், காப்பீடு பற்றி எழுதிக் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எட்டாகக் குறைத்திருக்கிறோம்.

கேள்வி: குழாய் மாற்றுவது, கதவுப் பூட்டு பொருத்துவது, மின்விசிறி மாட்டுவது, சுவரில் அலமாரி அடிப்பது என்று எல்லாச் சின்ன வேலையும் செய்கிறேன். லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்கள் சிலர். மாட்டினால் அபராதம் என்கிறார்கள் சிலர். எது சரி?

பதில்: இரண்டு தரப்பும் பாதி சரி. லைசென்ஸ் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வெவ்வேறு காகிதங்களைப் பற்றிப் பேசுவதால் வரும் குழப்பம் இது. முதல் காகிதம் தொழில் பதிவு. இந்தப் பெயரில், இந்த முகவரியில் தொழில் நடக்கிறது என்று உள்ளாட்சியிலும் வரித்துறையிலும் சொல்லி வைப்பது. உங்களுக்கு வேலை தெரியுமா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. இரண்டாவது, தொழில்திறன் உரிமம். வயரிங், எரிவாயு போன்ற வேலைகளுக்குத் தகுதியை நிரூபித்தவருக்கு மட்டும் கொடுப்பது. மூன்றாவது பெர்மிட். குறிப்பிட்ட ஒரு வீட்டில் குறிப்பிட்ட ஒரு வேலையைத் தொடங்கும் முன் வாங்குவது. முதல் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாவதும் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

உங்கள் பட்டியலில் பூட்டும் அலமாரியும் பெரும்பாலான இடங்களில் பிரச்சினை இல்லாதவை. மின்விசிறியில்தான் கோடு ஓடுகிறது. இந்தியாவின் மத்திய மின்சார ஆணையம் வகுத்த பாதுகாப்பு விதிமுறைகள் அந்தக் கோட்டை நன்றாகவே போட்டுக் காட்டுகின்றன. விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மிகாத வீட்டுச் சாதனம் போன்றவற்றை, நிறுவலின் திறனும் தன்மையும் மாறாத வகையில் மாற்றினால் உரிமம் கேட்பதில்லை. அதற்கு மேல் சேர்ப்பது, மாற்றியமைப்பது, பழுது பார்ப்பது எதுவானாலும் மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும்.

ஏற்கெனவே கொக்கியும் பாயிண்ட்டும் இருக்கிற இடத்தில் பழைய ஃபேனைக் கழற்றிப் புதியதை மாட்டினால் அது முதல் வகை. அறையில் பாயிண்ட்டே இல்லை, பக்கத்து அறை போர்டிலிருந்து வயர் இழுத்து மாட்டித் தரச் சொல்கிறார் என்றால் இரண்டாம் வகை. இடையில் ஆளை ஏமாற்றும் வேலைகள் உண்டு. பழைய கீசரை எடுத்துவிட்டு இரண்டு மடங்கு வாட் உள்ள கீசரை அதே இடத்தில் மாட்டச் சொல்வார்கள். பார்வைக்கு ஒன்றை எடுத்து ஒன்றை வைப்பதுதான். ஆனால் பழைய வயரின் தடிமனும் எம்சிபியும் (லோடு கூடினால் தானே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) புதிய லோடைத் தாங்க வேண்டும். திறன் மாறிவிட்டது, கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

நாட்டுக்கு நாடு கோடு இடம் மாறும். இங்கிலாந்தில் 2005 முதல் வீட்டு மின்வேலை கட்டட விதிமுறைகளுக்குள் வருகிறது. புதிய சர்க்யூட் இழுப்பது, மெயின் போர்டை மாற்றுவது, குளியல் தொட்டி அல்லது ஷவரை ஒட்டிய பகுதியில் சர்க்யூட்டை நீட்டிப்பது போன்றவற்றை உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது பதிவு பெற்ற எலெக்ட்ரீசியன் செய்து சான்று தர வேண்டும். கலிஃபோர்னியா பணத்தை வைத்துக் கோடு போடுகிறது. கூலியும் பொருளும் சேர்த்து 500 டாலருக்குக் குறைந்த வேலைக்கு ஒப்பந்ததாரர் உரிமம் வேண்டாம் என்று இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது 1,000 டாலர். ஆனால் பெர்மிட் தேவைப்படும் வேலையாக இருந்தாலோ, உதவிக்கு ஆள் வைத்தாலோ இந்தச் சலுகை கிடையாது. 2,500 டாலர் வேலையை மூன்று பில்லாக உடைத்துப் போடுவதும் செல்லாது. சட்டம் அதையும் யோசித்து எழுதியிருக்கிறது.

எரிவாயுவை எங்கேயும் சில்லறை வேலையாக நினைக்காதீர்கள். பிரிட்டனில் 2009 முதல் 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் பெயர் இல்லாதவர் கூலிக்கு எரிவாயு வேலை செய்வது குற்றம். ஏசியில் குளிரூட்டும் வாயுவைத் திறக்கும் வேலையும் பல நாடுகளில் சான்று கேட்கும்.

பழைய வீடுகளில் இன்னொரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டிய வீட்டில், உள்ளே ஓர் அறையில் 6 சதுர அடிக்கு மேலோ, வெளிப்புறத்தில் 20 சதுர அடிக்கு மேலோ பெயின்ட்டைக் கலைக்கும் வேலை செய்தால், ஈய பெயின்ட்டுக்கான சான்று பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். சன்னலை மாற்றினால் இந்தச் சதுர அடி விலக்கே கிடையாது. பழைய சிமென்ட் ஷீட்டிலும் தரை ஓட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டன் 1999இலும் ஆஸ்திரேலியா 2003 கடைசியிலும்தான் அதை முழுதாகத் தடை செய்தன. அதற்கு முந்தைய கட்டடத்தில் துளை போடும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இது உங்கள் நுரையீரல் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். கடந்த ஆறு மாத பில்களை எடுத்து, செய்த வேலைகளை ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். 'எலெக்ட்ரிக் வேலை' என்று எழுதினால் பதிலும் பொத்தாம்பொதுவாகத்தான் வரும். 'பழைய சுவிட்சை அதே ஆம்பியர் சுவிட்சாக மாற்றுதல்' என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு உள்ளாட்சி அலுவலகத்தையும் மின் உரிமம் வழங்கும் அலுவலகத்தையும் அணுகி, பதிலை மின்னஞ்சலிலோ கடிதத்திலோ வாங்குங்கள். இதே பட்டியல் காப்பீட்டுக்கும் உயிர்நாடி. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

கேள்வி: எல்லா வேலையையும் எழுதினால் பிரீமியம் ஏறும், 'பெயின்டிங்' என்று மட்டும் போட்டுவிடலாம் என்கிறார் ஏஜென்ட். போடலாமா?

பதில்: போடாதீர்கள். பாலிசி, நீங்கள் எழுதிக்கொடுத்த தொழிலுக்குத்தான் காவல். 'பெயின்டிங்' என்று எழுதிவிட்டு வாஷ் பேசின் மாட்டிய இடத்தில் தண்ணீர் ஒழுகினால், சேதத்தை மதிப்பிட வருகிற சர்வேயர் முதலில் பார்ப்பது பாலிசியின் முதல் பக்கத்தில் உள்ள 'தொழில் விவரம்' என்ற கட்டத்தை. இரண்டாவது, அந்த வாடிக்கையாளருக்கு நீங்கள் போட்ட பில்லை. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படை, காப்பீடு கேட்பவர் தமக்குத் தெரிந்ததை மறைக்கக் கூடாது என்பது. 1766இல் லண்டனில் மேன்ஸ்ஃபீல்ட் பிரபு, சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டையின் காப்பீடு பற்றிய வழக்கில் இந்த விதியை விளக்கினார். விவரம் தெரிந்தவர் நீங்கள், கம்பெனி உங்கள் சொல்லை நம்பி விலை போடுகிறது. 250 ஆண்டுகளுக்குப் பிறகும் அடித்தளம் அதேதான். விளைவு மட்டும் நாட்டுக்கு நாடு வேறுபடும். சில இடங்களில் பாலிசியே ரத்தாகும். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டப்படி, வேண்டுமென்றே மறைக்காத தவறு என்றால் இழப்பீட்டை விகிதப்படி குறைக்கலாம்.

காப்பீடு கேட்டுக் கொடுக்கும் முன்மொழிவுப் படிவத்தில் வேலைகளை வருமான விகிதத்தோடு எழுதுங்கள்: பெயின்டிங் 50 சதவீதம், குழாய் வேலை 30, மரவேலை 15, பொருத்தும் வேலை 5 என்பதுபோல. எத்தனை மீட்டர் உயரம் வரை ஏறுவீர்கள், நெருப்பு அல்லது வெப்பம் உண்டாக்கும் கருவிகளைப் பயன்படுத்துவீர்களா என்ற கேள்விகளுக்கு உள்ளபடி பதில் போடுங்கள். உரிமம் தேவைப்படும் வேலையை உரிமம் இல்லாமல் செய்துவிட்டு, அதைப் படிவத்தில் எழுதுவதாலும் பயன் இல்லை. சட்டப்படி தகுதி உள்ளவர் செய்த வேலைக்கே காப்பு என்ற நிபந்தனை பல பாலிசிகளில் இருக்கும். நடு ஆண்டில் புதிய வகை வேலையைத் தொடங்கினால், தொடங்கும் முன் எழுத்தில் தெரிவித்து, சேர்த்துக்கொண்டதாக ஒப்புதல் வாங்குங்கள். ஏஜென்டிடம் போனில் சொன்னது பிறகு நினைவில் நிற்காது.

கேள்வி: இப்போதைக்கு ஒரு பாலிசிதான் எடுக்க முடியும். எதை எடுப்பது? அது எதற்கெல்லாம் பணம் கொடுக்கும்?

பதில்: உதவிக்கு ஆள் இல்லாமல் தனியாகச் செய்பவர் என்றால், மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு, அதாவது உங்கள் வேலையால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்குப் பணம் கொடுப்பது. கருவி திருட்டுப் போனால் நஷ்டம் கருவியின் விலையோடு நிற்கும். அடுத்தவர் வீட்டில் நீங்கள் உண்டாக்கும் சேதத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது.

எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதை ஒரு வாஷ் பேசினுக்கு அடியில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். ஆங்கிள் வால்வுக்கும் குழாய்க்கும் நடுவே கம்பி பின்னிய கனெக்‌ஷன் ஹோஸ் மாட்டுகிறீர்கள். அதன் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறது. தண்ணீரை அடைப்பது அந்த வாஷர்தான். கையால் இறுகும் வரை திருகி, ஸ்பேனரில் கால் சுற்று வைத்தால் போதும். பலர் அதில் டெஃப்லான் டேப்பையும் சுற்றி, முழுப் பலத்தோடு ஒரு சுற்று முறுக்குகிறார்கள். அன்றைக்குச் சொட்டுக்கூட ஒழுகாது. முறுக்கில் விழுந்த மயிரிழை விரிசல், தண்ணீர் அழுத்தம் ஏறி இறங்க இறங்க வளர்ந்து, மூன்று வாரம் கழித்து வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் நட்டை இரண்டாகப் பிளக்கும். கீழ் வீட்டு ஃபால்ஸ் சீலிங் ஊறி விழுகிறது, அங்கே ஒரு டிவி நனைகிறது.

கீழ் வீட்டின் சீலிங், டிவி, மேல் வீட்டின் நனைந்த மரத்தரை: இவை மூன்றாம் நபர் சொத்துச் சேதம், பொதுவாகக் கிடைக்கும். உடைந்த ஹோஸ், அதைத் திரும்ப மாட்டும் கூலி: கிடைக்காது. உங்கள் வேலையின் குறையைச் சரிசெய்வது உங்கள் செலவு, அந்தக் குறை அடுத்தவருக்குச் செய்த கெடுதல்தான் கம்பெனியின் செலவு. வேலை நடக்கும்போது அந்தப் பேசினையே கீழே போட்டு உடைத்திருந்தால்? கையில் எடுத்து வேலை செய்துகொண்டிருந்த பொருளுக்குக் காப்பு இல்லை என்ற விலக்கு ஏறத்தாழ எல்லா அடிப்படைப் பாலிசிகளிலும் உண்டு. அந்தக் காப்பைப் பாலிசியோடு சேரும் தனி இணைப்பாக வாங்கலாம். விலையுயர்ந்த கல், கண்ணாடி வேலை செய்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய இணைப்பு இது.

இந்த உதாரணத்தில் முக்கியமான சொல் 'மூன்று வாரம் கழித்து'. வேலை நடக்கும் நேரத்து விபத்துக்கு மட்டும் பணம் கொடுக்கும் மலிவுப் பாலிசிகள் இருக்கின்றன. முடித்து ஒப்படைத்த வேலையால் பின்னர் வரும் சேதத்துக்கும் காப்பு உண்டா என்று கேளுங்கள். குழாய் வேலை செய்பவருக்கு அது இல்லாத பாலிசி கதவில்லாத வீடு மாதிரி.

அடுத்து, பாலிசி எந்தத் தேதியைப் பார்க்கிறது என்று கேளுங்கள். சேதம் நடந்த நாளில் பாலிசி உயிரோடு இருந்தால் போதும் என்பது ஒரு வகை. புகார் வந்து கம்பெனிக்குத் தெரிவிக்கும் நாளில் உயிரோடு இருக்க வேண்டும் என்பது இன்னொரு வகை. இரண்டாம் வகையில், தொழிலை நிறுத்தி பாலிசியையும் விட்டுவிட்டால் பழைய வேலைகளெல்லாம் காப்பில்லாமல் நிற்கும். நிறுத்திய பிறகும் சில ஆண்டு தொடரும் இணைப்பை வாங்க வேண்டும். கம்பெனி மாறும்போது, முன் தேதியிட்ட காப்பு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்கு முன் செய்த வேலை அதில் வராது.

இரண்டு உச்சவரம்புகள் எழுதியிருக்கும்: ஒரு சம்பவத்துக்கு இவ்வளவு, ஆண்டு முழுவதற்கும் இவ்வளவு. முதல் தொகையை முடிவு செய்ய உங்கள் ஆண்டு வருமானத்தைப் பார்க்காதீர்கள். நீங்கள் போகிற வீடுகளிலேயே பெரிய கட்டடத்தில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உச்சவரம்பை இரட்டிப்பாக்கினால் பிரீமியமும் இரட்டிப்பாகும் என்று பயப்பட வேண்டாம், பொதுவாக அதைவிடக் குறைவாகவே ஏறும். செலவைக் குறைக்க வேண்டுமானால், நீங்கள் கையிலிருந்து கட்டும் முதல் பங்கைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: செப்புக் குழாய்க்குப் பற்றவைப்பேன், எப்போதாவது கிரைண்டரில் கம்பி வெட்டுவேன். பாலிசியில் 'வெப்ப வேலை நிபந்தனை' என்று அரைப் பக்கம் இருக்கிறது. இது சம்பிரதாயமா?

பதில்: சம்பிரதாயம் என்று நினைத்துப் புரட்டிவிடுகிற அந்த அரைப் பக்கத்தில்தான் பெரிய தொகைகள் தங்கியிருக்கின்றன. டார்ச், வெல்டிங், கிரைண்டர், பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் எல்லாமே வெப்ப வேலைதான். பலருக்குக் கிரைண்டர் இதில் சேரும் என்பதே தெரியாது.

நிபந்தனைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எரியக்கூடியதை அப்புறப்படுத்த வேண்டும். நகர்த்த முடியாததைத் தீப்பிடிக்காத போர்வையால் மூட வேண்டும். சுவருக்கு மறுபுறமும் போய்ப் பார்க்க வேண்டும். சோதித்த தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முடித்த பிறகு குறிப்பிட்ட நேரம் காவல் இருக்க வேண்டும். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் வெப்ப வேலைத் தரமுறை வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 11 மீட்டர் தூரம் பார்க்கச் சொல்கிறது. காவல் நேரத்தை 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் 30 நிமிடத்திலிருந்து 60 ஆக்கியது. உங்கள் பாலிசி எத்தனை நிமிடம் கேட்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம்.

ஏன் இவ்வளவு நேரம்? பொறி விழுந்ததும் எப்போதும் சுடர் எழுந்துவிடாது. சுவர் இடுக்கில் சேர்ந்த மரத்தூள், பழைய பஞ்சுக் காப்பு, குழாய் நுழையும் ஓட்டைக்குள் காய்ந்த மரச்சட்டம் இவையெல்லாம் காற்று குறைவான இடத்தில் கனன்றுகொண்டே இருக்கும். வெளியே புகை வருவதற்குள் நீங்கள் கருவிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். அதனால் டார்ச் வேலையை அன்றைய நாளின் கடைசி வேலையாக வைக்காதீர்கள். காலையில் முதலில் அதை முடித்துவிட்டு, சிலிகான் பூசுவது, சுத்தம் செய்வது போன்றவற்றை அதே அறையில் செய்தால் காவல் நேரம் வீணாகாது.

முடித்த நேரத்தையும் கிளம்பும் முன் கடைசியாகப் பார்த்த நேரத்தையும் குறித்து, இரண்டு நேரத்திலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். காவல் இருந்தீர்கள் என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். முடிந்த இடத்தில் அழுத்திப் பொருத்தும் இணைப்புகளுக்கு மாறிவிடுவது இன்னும் நல்லது. இணைப்பின் விலை கூடினாலும் டார்ச்சே தேவைப்படாது.

கேள்வி: கனமான வேலைக்கு மட்டும் ஒரு பையனைத் தினக்கூலிக்கு அழைத்துப்போகிறேன். சில நாள் மச்சான் வருவார். இவர்களுக்கும் காப்பீடு வேண்டுமா?

பதில்: வேண்டும். உங்கள் பொறுப்புக் காப்பீடு இவர்களுக்கு உதவாது. அது வெளியாட்களுக்கு. உங்களிடம் வேலை செய்பவர் ஏணியிலிருந்து விழுந்தால் அந்தப் பாலிசி விலகிக்கொள்ளும். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு தனி.

'அவர் என் வேலையாள் இல்லை, கான்ட்ராக்ட்' என்று எழுதி வாங்கிக்கொண்டால் தப்பிக்கலாம் என்பது பரவலான நம்பிக்கை. நீதிமன்றங்கள் பெயரைப் பார்ப்பதில்லை, நடப்பைப் பார்க்கின்றன. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்வது யார், கருவி யாருடையது, எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டுவது யார், லாப நஷ்டம் யாருக்கு? எல்லாவற்றுக்கும் பதில் நீங்கள்தான் என்றால் அந்தப் பையன் உங்கள் தொழிலாளி. ஒரு நாள் வந்தாலும் அப்படித்தான். இந்தியாவில் இதற்கான இழப்பீட்டுச் சட்டம் 1923இலேயே வந்துவிட்டது. பிரிட்டனின் 1969ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது 50 இலட்சம் பவுண்டுக்குக் காப்பு கேட்கிறது. இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்டு வரை அபராதம் விழலாம். நெருங்கிய குடும்பத்தாருக்குச் சில சட்டங்களில் விலக்கு உண்டு, மச்சான் அதில் வருவாரா என்பதை உங்கள் ஊர்ச் சட்டத்தில் பார்க்க வேண்டும். விலக்கு இருந்தாலும் அவருக்கு ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். உறவும் மிஞ்சும், அவர் குடும்பமும் நிற்கும்.

சொந்தக் கருவியோடு வந்து தன் கணக்கில் வேலை செய்யும் எலெக்ட்ரீசியனை அழைக்கிறீர்கள் என்றால், அவருடைய உரிமத்தின் நகலையும் காப்பீட்டுச் சான்றையும் முதலில் வாங்குங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். அவருக்குக் காப்பீடு இல்லை என்றால் வாடிக்கையாளரின் கை உங்களை நோக்கித்தான் நீளும். ஆண்டு முடிவில் கணக்குத் தணிக்கை செய்து பிரீமியத்தைத் திருத்தும் வகைப் பாலிசியாக இருந்தால், காப்பீடு இல்லாத அந்த ஆளுக்குக் கொடுத்த பணமும் உங்கள் சம்பளக் கணக்கில் சேர்ந்து பிரீமியம் ஏறலாம்.

தனியாக வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பாலிசிகள் எதுவும் நீங்கள் விழுந்தால் உங்களுக்குப் பணம் தராது. வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வருமானம் தரும் தனிநபர் விபத்துக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும்.

கேள்வி: இரவில் வண்டியிலிருந்து டிரில், ரோட்டரி ஹேமர் எல்லாம் திருட்டுப் போயின. கருவிக் காப்பீடு இருந்தும் கேட்டதில் சிறு பங்குதான் கிடைத்தது. ஏன்?

பதில்: விவரம் முழுதும் இல்லாததால், சாத்தியமான காரணங்களைச் சொல்கிறோம். உங்கள் பாலிசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் குறைமதிப்பு. உங்கள் கருவிகளின் மொத்த மதிப்பு 4 இலட்சம், நீங்கள் காப்பீடு செய்தது 2 இலட்சத்துக்கு, திருட்டுப் போனது 1 இலட்சம் என்று வையுங்கள். உச்சவரம்புக்குள் இருப்பதால் 1 இலட்சமும் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள், மீதிப் பாதிக்கு நீங்களே பொறுப்பு என்று கணக்குப் போட்டு 50,000 தருவார்கள். அதிலும் உங்கள் முதல் பங்கு கழியும். சராசரி விதி என்று இதற்குப் பெயர்.

பிறகு தேய்மானம். 'பழையதற்குப் புதியது' என்று எழுதியிருந்தால் மட்டுமே இன்றைய கடை விலை கிடைக்கும். ஒரு பொருளுக்கான தனி உச்சவரம்பும் இருக்கும், ரோட்டரி ஹேமர் மாதிரி ஒரே பெரிய கருவி அதில் அடிபடும். இரவில் ஆளில்லாத வண்டியிலிருந்து போனால் காப்பு இல்லை என்றோ, பூட்டை உடைத்த அடையாளம் இருந்தால்தான் உண்டு என்றோ நிபந்தனை இருக்கலாம். வண்டியின் காப்பீடு கருவிகளைக் காக்காது. தவிர, சொந்த உபயோகம் என்று பதிந்த வண்டியைத் தொழிலுக்கு ஓட்டினால் வண்டிக் காப்பீட்டிலேயே சிக்கல் வரும்.

கருவிகளை எல்லாம் தரையில் பரப்பி ஒரு படம், ஒவ்வொன்றின் சீரியல் எண் தெரிய ஒரு படம், வாங்கிய பில் என்று எடுத்து போனில் இல்லாமல் வேறிடத்தில் சேமித்து வையுங்கள். போனும் வண்டியில்தான் இருந்திருக்கும்.

கேள்வி: அடுக்குமாடிச் சங்கம் வேலைக்கு விடும் முன், எங்கள் பெயரையும் உங்கள் பாலிசியில் சேர்த்துச் சான்று கொண்டு வா என்கிறது. என் பாலிசியில் அவர்களுக்கு என்ன உரிமை?

பதில்: நியாயமான கோரிக்கைதான். உங்கள் வேலையால் யாராவது அடிபட்டால் சங்கத்தின் மீதும் வழக்கு வரும். அந்த வழக்குக்கு உங்கள் பாலிசி அவர்களையும் காக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். உங்கள் கம்பெனியிடம் சொன்னால் 'கூடுதல் காப்புறுதி பெறுபவர்' என்று இணைப்பு போட்டுத் தரும். அதற்குச் சிறு கட்டணம் இருக்கலாம். வெறும் சான்றுக் காகிதம், பாலிசி இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. அவர்கள் பெயர் அதில் அச்சாகிவிட்டதாலேயே காப்பு கிடைத்துவிடாது, இணைப்பு பாலிசியில் ஏற வேண்டும். அதோடு, அவர்கள் தரும் ஒப்பந்தத்தில் 'எந்தக் காரணத்தால் சேதம் வந்தாலும் ஒப்பந்ததாரரே பொறுப்பு' என்ற வரி இருந்தால் கையெழுத்துக்கு முன் நிறுத்துங்கள். சட்டம் உங்கள் மேல் சுமத்தாத பொறுப்பை நீங்களாக ஏற்றுக்கொண்டால், பல பாலிசிகள் அதற்குப் பணம் தராது. 'என் கவனக்குறைவால் வந்த சேதத்துக்கு' என்று மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் மாட்டிய குழாயால் ஒரு வீட்டில் தண்ணீர் புகுந்துவிட்டது. வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார். என் கையிலிருந்து கொடுத்து முடித்துவிடலாமா, கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்லுங்கள், இன்றே. சிறிய தொகை என்று நினைத்து நீங்களே ஒத்துக்கொண்டு கொஞ்சம் கொடுத்த பிறகு, சுவருக்குள் ஊறிய தண்ணீரால் பூஞ்சை வந்து தொகை பத்து மடங்காகும்போது கம்பெனியிடம் போனால், தாமதமாகச் சொன்னீர்கள், எங்களைக் கேட்காமல் பொறுப்பை ஏற்றீர்கள் என்று இரண்டு காரணங்கள் அவர்கள் கையில் இருக்கும்.

முதலில் மெயின் வால்வை மூடுங்கள். ஈரமான பகுதியில் மின்சாரத்தை நிறுத்துங்கள், அந்த ஸ்விட்சுக்குத் தண்ணீரில் நின்று கை நீட்டாமல். பொருள்களை நகர்த்துங்கள். சேதம் கூடாமல் தடுப்பது உங்கள் கடமை, அதற்குக் கம்பெனியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நிலைமையைத் தூரத்திலிருந்து, பிறகு கிட்டத்திலிருந்து, பிறகு இணைப்பை மட்டும் என்று படம் எடுங்கள். வாடிக்கையாளரிடம் வருத்தம் சொல்லுங்கள், துடைக்க உதவுங்கள், அதில் தவறே இல்லை. 'என் தப்புதான், எல்லாம் நானே கட்டித் தருகிறேன்' என்று மட்டும் வாயாலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லிவிடாதீர்கள். 'என் காப்பீட்டுக் கம்பெனிக்கு இன்றைக்கே தெரிவிக்கிறேன், அவர்கள் ஆள் வந்து பார்ப்பார்' என்பது உண்மையான பதில், அவருக்கும் அதில்தான் முழுப் பணம் கிடைக்க வழி இருக்கிறது.

பெரும்பாலோர் தவறுவது உடைந்த பாகத்தில். சர்வேயர் வரும் முன்பே புதியதை மாட்டிவிட்டுப் பழையதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். தண்ணீர் வேண்டும் என்பதால் உடனே மாற்ற வேண்டியிருக்கும், மாற்றுங்கள். ஆனால் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், அது முறுக்கில் பிளந்ததா, வார்ப்பிலேயே குறையா என்பதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான். வார்ப்புக் குறை என்று தெரிந்தால் பொறுப்பு தயாரிப்பாளர் பக்கம் நகரும், கம்பெனியும் அவரிடமிருந்து பணத்தை மீட்கப் பார்க்கும். துடைக்காமல், இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்காமல், ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி, தேதியும் முகவரியும் எழுதி, வாங்கிய பில்லை அதோடு பின் செய்து வையுங்கள்.